சராசரிக்குச் சிதறலே சாட்சி

கோலசிலாங்கூரிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் என்று ஊர்கள் வரிசையாக வரும். அவற்றையும் தாண்டி, பெர்ணம் ஆறு சிலாங்கூரையும் பேராவையும் பிரிக்கும் எல்லைக்குச் சற்று முன்னால், மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது பாகான் நக்கோடா ஓமார். மேற்கே சதுப்புக் காடும் சேறும். கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கரைக்கட்டு. அதற்கு இப்பால் தென்னையும் செம்பனையும். தெற்கே சிகிஞ்சானிலும் தஞ்சோங் காராங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்.

பார்வைக்கு இது முழுக்க ஒரே சமவெளி. மண்வெட்டியை இறக்கினால்தான் வேறுபாடு தெரியும். கரையோரத்தில் கடல் கொண்டுவந்து சேர்த்த கனத்த களிமண். இரண்டு மூன்று கட்டை (மைல்) உள்ளே போனால் களிமண்ணுக்கு அடியில் இரும்பும் கந்தகமும் கலந்த படிவம் இருக்கும் இடங்கள் வரும். அங்கே வடிகாலை அளவுக்கு மீறி ஆழப்படுத்தினால் அந்தப் படிவம் காற்றுப்பட்டு அமிலமாகி வேரைக் கெடுக்கும். இன்னும் உள்ளே போனால், காட்டு மரமும் சருகும் முழுதாக மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் தேங்கிய பீட் மண். மலேசிய மண் ஆய்வாளர்கள் இந்தக் கரையோர மண்வகைகளில் இரண்டுக்குச் சிலாங்கூர் என்றும் பெர்ணம் என்றும் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் மூன்று உரங்களைப் போட்டுப் பார்க்கிறது. வருட முடிவில் எக்டருக்கு இத்தனை டன் பழக்குலை என்று மூன்று சராசரிகள் வருகின்றன. எது அதிகமோ அதுவே நல்ல உரம் என்று சொல்லிவிடலாமா? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. உரத்தோடு அது நிற்பதும் இல்லை. மருந்து, விதை, பள்ளிக்கூடம், பால்வெட்டும் ஆள் என்று பல குழுக்களின் சராசரிகளை வரிசையாக வைத்து யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லும் எல்லா இடத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

ஒரே சராசரிகள், இரண்டு தோட்டங்கள்

கணக்கை விளக்குவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்களைத் தருகிறேன். இவை எந்தத் தோட்டத்தின் பதிவும் அல்ல. அ, ஆ, இ என்று மூன்று உரங்கள். ஒவ்வொன்றையும் நான்கு நிலத்துண்டுகளில் போடுகிறோம். விளைச்சல், எக்டருக்கு டன்னில்:

முதல் தோட்டம்
அ: 19, 20, 20, 21 (சராசரி 20)
ஆ: 21, 22, 22, 23 (சராசரி 22)
இ: 23, 24, 24, 25 (சராசரி 24)

இரண்டாம் தோட்டம்
அ: 15, 17, 22, 26 (சராசரி 20)
ஆ: 16, 20, 23, 29 (சராசரி 22)
இ: 17, 23, 27, 29 (சராசரி 24)

இரண்டிலும் சராசரிகள் 20, 22, 24 என்று அச்சாக ஒன்றே. ஆனாலும் முதல் தோட்டத்தைப் பார்த்தவுடன் 'இ'தான் மேல் என்று மனம் ஒப்புகிறது. அங்கே 'அ' போட்ட எந்தத் துண்டும் 'இ' போட்ட எந்தத் துண்டையும் எட்டவில்லை. இரண்டாம் தோட்டத்தில் 'அ' போட்ட ஒரு துண்டு 26 டன் தந்திருக்கிறது. 'இ' போட்ட ஒன்று 17 டன்னோடு நின்றுவிட்டது. அங்கே தீர்ப்புச் சொல்ல மனம் தயங்குகிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. மூன்று சராசரிகளை மட்டும் தாளில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணமானது எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

நம் மனம் இங்கே இரண்டு வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே உள்ள வேறுபாடு. மற்றொன்று, ஒரே உரம் போட்ட துண்டுகள் தங்களுக்குள்ளேயே காட்டும் வேறுபாடு. முதலாவது இரண்டாவதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால்தான் உரத்துக்குப் பலன் உண்டு என்று சொல்ல முடியும். கண்ணால் செய்கிற இந்த ஒப்பீட்டை எண்ணால் செய்யும் முறைக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று பெயர். புள்ளியியல் படித்தவர்கள் பேச்சில் அனோவா.

1919

ஒரே ஆண்டில் உலகின் இரண்டு மூலைகளில் நடந்த இரண்டு காரியங்களைச் சேர்த்துப் பார்ப்பது இந்த முறையின் தேவையைப் புரியவைக்கும்.

அப்போது மலாயாவின் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ந்தவை. பக்கத்துப் பக்கத்து மரங்கள், ஒரே வயது, ஒரே மண். ஆனால் ஒரு மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழியும், அடுத்த மரத்தின் மங்கில் அடி நனையும் அளவுக்குத்தான் பால் இருக்கும். விடியுமுன் உளியோடு நிரைக்குள் இறங்கிய ஒவ்வொரு பால்வெட்டுத் தொழிலாளிக்கும் இது தெரிந்த செய்தி. 1919-ல் ஜி. எஸ். விட்பி என்ற வேதியியலாளர் மலாயாத் தோட்ட மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு பெரியது என்று கட்டுரையாக வெளியிட்டார். சிறு பங்கு மரங்களே மொத்தப் பாலில் அளவுக்கு மிஞ்சிய பங்கைத் தருகின்றன என்பது அதில் தெரிந்தது. அப்படியானால் ஒரு நிரையின் சராசரி என்பது உண்மையில் எந்த மரத்தைக் குறிக்கிறது?

அதே 1919-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற இளம் கணித அறிஞர் இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிராட்பாக் என்ற கோதுமை வயலில் 1843 முதல் உரச் சோதனை நடந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வருடங்களுக்கு மேற்பட்ட பதிவேடுகள் குவிந்திருந்தன. மழை, மண், களை, உரம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோன எண்கள். இதில் எவ்வளவு உரத்தால் வந்தது, எவ்வளவு வானத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மாறுபாடு என்ற அளவைக்கு இன்று புள்ளியியலில் வழங்கும் ஆங்கிலப் பெயரை ஃபிஷர் ஏற்கெனவே 1918-ல், மரபியல் பற்றிய ஒரு கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த அளவைக்கு ஒரு குணம் உண்டு: தனித்தனிக் காரணங்களால் வரும் மாறுபாடுகளைக் கூட்டினால் மொத்த மாறுபாடு வரும். 1923-ல் வினிஃப்ரெட் மெக்கென்ஸி என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட உருளைக்கிழங்குச் சோதனை, இந்த முறையை ஒரு வயல் சோதனையில் பயன்படுத்திய முதல் கட்டுரை. பன்னிரண்டு உருளைக்கிழங்கு வகைகள். தொழு உரம் போட்டும் போடாமலும். அதோடு பொட்டாசிய உரங்கள். 1925-ல் ஆராய்ச்சியாளர்களுக்கான புள்ளியியல் முறைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் அதே 1925-ல்தான்.

ரொத்தம்ஸ்டெட்டுக்கும் மலாயாவுக்கும் ஆள் வழியாகவே தொடர்பு இருந்தது. ரொத்தம்ஸ்டெட்டில் மண் இயற்பியல் ஆய்வு செய்த டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ் பிறகு மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் மண் பிரிவுக்கு வந்தார். ரப்பர் மரங்களுக்கு உரமிடும் சோதனைகளை நடத்தி, 1940-ல் ரொத்தம்ஸ்டெட்டின் இ. எம். க்ரௌதருடன் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். இங்கிலாந்தின் கோதுமை வயலில் பிறந்த கணக்கு இப்படித்தான் நம் பால்மரக் காட்டுக்குள் வந்தது.

கணக்கு

தோட்டத்துக் கிராணியின் வரவுசெலவுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் என்று ஒரு எண் இருக்கும். அது எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரிந்து, பிரிவுகளைக் கூட்டினால் மறுபடியும் மொத்தம் வர வேண்டும். அனோவாவும் அப்படி ஒரு கணக்குப் புத்தகம்தான். அங்கே ரிங்கிட்டைப் பிரிக்கிறோம். இங்கே சிதறலைப் பிரிக்கிறோம்.

முதல் தோட்டத்தை எடுப்போம். பன்னிரண்டு துண்டுகளின் பொதுச் சராசரி 22. ஒவ்வொரு துண்டும் 22-லிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 38 வருகிறது. இதுதான் மொத்தச் சிதறல். வர்க்கமாக்குவதற்குக் காரணம், கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடக் கூடாது என்பது.

இந்த 38-ல் குழுக்களுக்கு இடையிலான பங்கு எவ்வளவு? குழுச் சராசரிகள் பொதுச் சராசரியிலிருந்து 2 கீழே, பூச்சியம், 2 மேலே. வர்க்கம் 4, 0, 4. ஒவ்வொரு குழுவிலும் நான்கு துண்டுகள் என்பதால் நான்கால் பெருக்கினால் 32. குழுக்களுக்கு உள்ளே உள்ள பங்கு? ஒவ்வொரு துண்டும் தன் குழுச் சராசரியிலிருந்து விலகிய அளவை வர்க்கமாக்கிக் கூட்டினால் குழுவுக்கு 2 வீதம் 6. 32-ம் 6-ம் சேர்ந்து 38. புத்தகம் சரியாக இருக்கிறது.

32-ஐயும் 6-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மூன்று குழுக்களின் சராசரிகளில் இரண்டு தெரிந்தால், பொதுச் சராசரியை வைத்து மூன்றாவதைச் சொல்லிவிடலாம். ஆக அங்கே தன்னிச்சையாக மாறக்கூடியவை இரண்டுதான். குழுவுக்குள்ளே நான்கு துண்டுகளில் மூன்று. மூன்று குழுவுக்கு ஒன்பது. இவற்றைக் கட்டின்மைக் கூறுகள் என்பார்கள். 32-ஐ 2-ஆல் வகுத்தால் 16. 6-ஐ 9-ஆல் வகுத்தால் 0.67. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 24.

இந்த விகிதத்துக்கு எஃப் என்று பெயர். ஃபிஷரின் பெயரின் முதல் எழுத்தை வைத்து 1934-ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜார்ஜ் ஸ்னெடகோர் இட்ட பெயர் அது. மூன்று உரங்களுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் மேலே உள்ள 16-ம் கீழே உள்ள 0.67-ம் ஒரே மண்ணின், ஒரே தற்செயலின் இரண்டு மதிப்பீடுகளாகத்தான் இருக்கும். விகிதம் ஒன்றைச் சுற்றியே வரும். ஒன்றைவிட எவ்வளவு பெரிதானால் நம்பலாம்? அதற்கு அட்டவணை இருக்கிறது. 2, 9 என்ற கட்டின்மைக் கூறுகளுக்கு, வெறும் தற்செயலால் விகிதம் 4.26-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான். நமக்குக் கிடைத்தது 24. உரத்துக்குப் பலன் உண்டு.

இரண்டாம் தோட்டத்தில் குழுக்களுக்கு இடையிலான பங்கு அதே 32. குழுக்களுக்குள்ளே உள்ள பங்கு மட்டும் 6 அல்ல, 248. ஒன்பதால் வகுத்தால் 27.56. எஃப் விகிதம் 0.58. ஒன்றைக்கூட எட்டவில்லை. உரத்துக்குப் பலன் உண்டு என்று சொல்ல இந்தக் கணக்கில் இடமே இல்லை.

உரத்துக்குப் பலன் இல்லை என்று இது நிரூபிக்கிறதா என்றால், இல்லை. மாறுபாடு இவ்வளவு பெரிதாக இருக்கும் நிலத்தில், இந்த அமைப்பை வைத்து, இரண்டு டன் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. சாட்சி போதவில்லை என்பது ஒரு தீர்ப்பு. குற்றம் நடக்கவில்லை என்பது வேறொரு தீர்ப்பு.

நிலத்தின் பங்கை நிலத்துக்குக் கொடுப்பது

இரண்டாம் தோட்டத்தின் எண்களை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் எண் சிறியதாகவும் கடைசி எண் பெரியதாகவும் இருக்கிறது. காரணம் சொல்கிறேன். முதல் எண் கரைக்கட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் சரியாக வடியாத துண்டு. நான்காவது நல்ல வடிகாலோடு உள்ளே இருக்கும் துண்டு. சோதனை தொடங்கும்போதே நிலத்தை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் மூன்று உரங்களையும் ஒவ்வொரு துண்டில் போட்டிருக்கிறார்கள்.

பட்டைகளின் சராசரி 16, 20, 24, 28. பொதுச் சராசரி 22-லிருந்து இவை விலகிய அளவை வர்க்கமாக்கி, பட்டைக்கு மூன்று துண்டு என்பதால் மூன்றால் பெருக்கினால் 240 வருகிறது. காரணம் தெரியாத சிதறல் என்று நாம் ஒதுக்கிய 248-ல் 240 நிலத்தினுடையது! காரணம் தெரியாமல் மிஞ்சுவது வெறும் 8. பட்டைகளுக்காக மூன்று கட்டின்மைக் கூறுகள் போனால் ஆறு மீதி. 8-ஐ 6-ஆல் வகுத்தால் 1.33. உரத்தின் 16-ஐ இதனால் வகுத்தால் எஃப் விகிதம் 12. அட்டவணையில் நூற்றுக்கு ஐந்தின் எல்லை 5.14, நூற்றுக்கு ஒன்றின் எல்லை 10.92. இரண்டையும் தாண்டிவிட்டது.

அதே பன்னிரண்டு எண்கள். ஒன்றையும் மாற்றவில்லை. நிலத்தின் பங்கு எது என்று பிரித்துக் கொடுத்த மாத்திரத்தில் உரத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. ஃபிஷர் நமக்குத் தந்ததில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். வேறுபாடு மிகுந்த நிலத்தைப் பார்த்து, இங்கே சோதனை செய்ய முடியாது என்று கைவிட வேண்டியதில்லை. வேறுபாட்டைச் சோதனையின் அமைப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். பாகான் நக்கோடா ஓமார் மாதிரி கடலிலிருந்து பீட் வரைக்கும் மண் மாறிக்கொண்டே போகும் இடத்தில் இதைவிட்டால் வேறு நேர்மையான வழி இல்லை.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. பட்டையை முன்கூட்டியே, மண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். விளைச்சல் வந்தபிறகு எண்களைப் பார்த்துப் பிரிப்பது பித்தலாட்டம். பட்டைக்குள் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல துண்டைப் பார்த்துத் தனக்குப் பிடித்த உரத்தைப் போடும் ஆசை எவ்வளவு நேர்மையான ஆராய்ச்சியாளருக்கும் வரும்; வந்தது அவருக்கே தெரியாமலும் போகும். குலுக்கல் அந்த ஆசைக்கு வழிவிடாது.

மனிதக் கையும் ஒரு மாறுபாடுதான். பால்வெட்டுச் சோதனையில் ஒரே ஆள் எப்போதும் ஒரே துண்டை வெட்டினால், வந்த பால் மரத்தின் குணமா, உளி பிடித்த கையின் குணமா என்று பிரிக்க முடியாது. மரப்பட்டையை மெல்லியதாகச் சீவி, மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுப்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் திறமை. அதனால் சோதனைகளில் ஆட்களைச் சுழற்சியில் மாற்றி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு துண்டையும் வெட்டும்படி செய்வது வழக்கம். தொழிலாளியின் திறமையை ஆராய்ச்சியாளர்கள் இந்த அளவுக்கு மதித்தாக வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

உள்ளே இருக்கும் சிதறலைக் குறைப்பது

கணக்கில் பிரிப்பது ஒரு வழி. சிதறலையே குறைப்பது இன்னொரு வழி. விட்பி அளந்த விதைமரங்களின் ஏற்றத்தாழ்வுக்கு மருந்தாக வந்தது ஒட்டுக்கட்டுதல். நன்றாகப் பால் தரும் ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து நாற்றுகளில் ஒட்டினால், அந்த மரங்கள் எல்லாம் மரபில் ஒன்றே. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்திலிருந்து பி.பி. 86 என்ற ஒட்டு வகை வந்தது. அதை ஜாவாவின் ஜிர் 1 என்ற வகையோடு கலந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600. பல நாடுகளில் லட்சக்கணக்கான எக்டரில் அது வளர்ந்தது. ஒட்டு மரங்களிலும் வேர்ப்பகுதி நாற்றுக்கு நாற்று வேறுதான். அதனால் சிதறல் பூச்சியமாகாது. ஆனாலும் விதைமர நிரையைவிட மிகவும் குறையும். எஃப் விகிதத்தின் கீழ்ப்பாதி சிறுத்தால் சின்ன வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும்.

செம்பனையின் கதை வேறு. அங்கே ஒட்டு அல்ல, கலப்பே வழி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் 1917-ல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே நடவு செய்த தென்னமரம் தோட்டம். ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் 1848-ல் நட்ட நான்கே நான்கு மரங்களின் வழித்தோன்றல்கள்தான் இந்த வட்டாரத் தோட்டங்களுக்கு முதலில் வந்த செம்பனைகள். அவை கொட்டையின் ஓடு தடித்த டூரா வகை. ஓடு தடித்த டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்தால் ஓடு மெலிந்து சதைப்பற்று மிகுந்த தெனெரா கிடைக்கும் என்று 1941-ல் காங்கோவில் பெய்ர்னேர்ட், வாண்டர்வெய்யன் இருவரும் காட்டினார்கள். இன்று நடப்படுவது தெனெராதான். எந்த டூராவோடு எந்தப் பிசிஃபெராவைச் சேர்த்தால் நல்ல சந்ததி என்று தேட, பல சந்ததிகளைப் பல பட்டைகளில் நட்டு, வருடக்கணக்கில் குலைகளை எண்ணி நிறுத்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவேடுகளின் முடிவில் நிற்பது ஒரு அனோவா அட்டவணை.

ஏன் இரண்டிரண்டாக ஒப்பிடக் கூடாது?

மூன்று உரத்துக்குப் பதிலாக ஆறு உரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாக எடுத்தால் பதினைந்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் தவறான முடிவுக்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு விடுகிறோம். ஜோடிகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஆறு உரமும் சமமாக இருக்கும்போதும் ஏதாவது ஒரு ஜோடியில் பொய்யான வித்தியாசம் தென்பட ஏறக்குறைய 54 விழுக்காடு வாய்ப்பு. உண்மையில் ஜோடிகள் ஒன்றையொன்று சார்ந்தவைதான். ஆனாலும் ஆபத்து ஐந்தைவிடப் பலமடங்கு. தேடினால் கிடைக்கும், கிடைத்தது உண்மையாக இருக்காது.

அனோவா எல்லாக் குழுக்களையும் ஒரே கேள்வியில் வைக்கிறது: இவை அனைத்தும் சமமாக இருக்க முடியுமா? முடியாது என்று விடை வந்தபிறகுதான் எது எதிலிருந்து வேறு என்ற கேள்வி எழுகிறது. அதற்கு ஜான் டூக்கி, டேவிட் டங்கன் போன்றவர்கள் 1950-களை ஒட்டித் தனிச் சோதனைகளை வகுத்தார்கள். வேளாண் இதழ்களின் அட்டவணைகளில் சராசரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகள் இருக்கும். ஒரே எழுத்தைப் பெற்றவற்றுக்குள் வித்தியாசம் நிறுவப்படவில்லை என்று பொருள்.

எந்த மண்ணில் என்ற கேள்வி

ஃபிஷரும் மெக்கென்ஸியும் 1923-ல் கேட்டது இன்னும் நுட்பமான கேள்வி. ஒரு உருளைக்கிழங்கு வகைக்கு ஒத்துவரும் உரம் இன்னொரு வகைக்கு ஒத்துவராமல் போகுமா? அவர்களுடைய சோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை. எல்லா வகைகளும் உரத்துக்கு ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. ஆனால் கேள்வியை எண்ணாக்கி விடை காண முடியும் என்று காட்டியதே பெரிய காரியம். இதை இடைவினை என்கிறோம்.

வட சிலாங்கூரில் இந்தக் கேள்விக்கு உயிர் உண்டு. கரையோரக் களிமண்ணில் பொட்டாசியம் இயல்பாகவே நிறைய. அங்கே செம்பனைக்குப் பொட்டாஷ் போட்டால் பெரிய பலன் தெரிவதில்லை. பீட் மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. அதே பொட்டாஷ் அங்கே குலையாகத் திரும்பி வரும். இரண்டு மண்ணையும் சேர்த்துச் சராசரி போட்டால், பொட்டாஷுக்கு நடுத்தரமான பலன் என்று விடை வரும். அந்த நடுத்தரமான பலனை எந்த மரமும் அனுபவிக்கவில்லை! களிமண்ணில் காசு வீண். பீட்டில் உரம் பற்றாக்குறை. மண்ணையும் உரத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் வைத்துப் பார்க்கும் அனோவா அட்டவணையில் இடைவினை என்ற வரி பெரிதாக நின்று, பொதுச் சராசரியை நம்பாதே என்று சொல்லும்.

எண்ணிக்கை என்பது எது?

பல ஆய்வுகள் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஒரு உரத்தை ஒரே பிளாக்கில் போட்டு, அந்தப் பிளாக்கில் நூறு மரங்களை அளந்தால், நூறு சோதனை செய்ததாகாது. உரம் போய்ச் சேர்ந்தது ஒரு பிளாக்குக்கு. ஆகவே சோதனை ஒன்றுதான். நூறு மரங்களும் ஒரே வடிகாலை, ஒரே மண்டோரின் மேற்பார்வையை, ஒரே மழையைப் பங்குபோட்டவை. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் எழுதிய கட்டுரை, இந்தப் பொய் மறுசெய்கை ஆய்வு இதழ்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அம்பலப்படுத்தியது. அனோவா கேட்கும் நிபந்தனைகளில் எண்கள் மணிவடிவப் பரவலில் இருக்க வேண்டும் என்பது கொஞ்சம் நெகிழும். குழுக்களின் சிதறல் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பதும் குழு அளவுகள் சமமானால் ஓரளவு நெகிழும். துண்டுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்பது நெகிழவே நெகிழாது.

மரத்திலிருந்து மனிதருக்கு

இதையெல்லாம் நான் விரிவாகச் சொல்வதற்கு மரத்தைவிட மனிதர்களே காரணம். சராசரி என்ற எண்ணால் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அளக்கப்பட்டிருக்கிறார்கள். பால் ஸ்டோரில் வாளி நிறுக்கப்பட்டது. குறைந்தவரைக் கேள்வி கேட்டார்கள். அவருடைய நிரையில் கிழட்டு மரங்கள் எத்தனை, பட்டை கெட்ட மரங்கள் எத்தனை, தண்ணீர் தேங்கும் பள்ளம் எங்கே என்ற கேள்விகள் கணக்குப் புத்தகத்தில் இல்லை. நிலத்துக்குச் சேர வேண்டிய பங்கை ஆளின் பெயரில் எழுதுவது கணக்கில் பிழை; வாழ்க்கையில் அநீதி.

அதே பழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. மலேசியப் பள்ளிகளைப் பள்ளிச் சராசரித் தரம் என்ற ஒரே எண்ணால் ஒப்பிடுவார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலத்தில் (2021-ல் அது ஒழிக்கப்பட்டது) அந்த எண்ணுக்காகத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பெருமைப்பட்டதும் உண்டு, தலைகுனிந்ததும் உண்டு. இந்தப் பள்ளிகளில் பல மிகச் சிறியவை. மாணவர்களின் மதிப்பெண்கள் தங்களுக்குள் 12 மதிப்பெண் அளவில் சிதறும் என்று உதாரணமாக வைத்துக்கொள்வோம். 144 பேர் எழுதும் நகரப் பள்ளியின் சராசரி, தற்செயலால் மட்டும், ஆண்டுக்கு ஆண்டு 1 மதிப்பெண் அளவில் ஆடும். 9 பேர் எழுதும் தோட்டப் பள்ளியின் சராசரி 4 மதிப்பெண் அளவில் ஆடும். ஆசிரியர் மாறவில்லை, பாடம் மாறவில்லை. ஆனால் பள்ளி ஒரு வருடம் பட்டியலின் உச்சியில் இருக்கும், மறுவருடம் அடியில் கிடக்கும். இரண்டும் அந்தப் பள்ளியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

பெரிய அளவில் பார்த்தாலும் பாடம் இதுதான். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நாடுகளில் நடக்கும் பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வின் மதிப்பெண் மாறுபாட்டை அனோவா முறையில் பிரித்தபோது, பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான பங்கு சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். மீதி, ஒரே பள்ளிக்குள் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ளது. அந்த மூன்றில் ஒரு பங்கிலும் குடும்ப வருமானம், வீட்டுச் சூழல் எல்லாம் கலந்திருக்கிறது. அதைப் பிரிக்காமல் முழுவதையும் தலைமையாசிரியர் பெயரில் எழுதுவது, வடியாத நிலத்தின் குறையை உரத்தின் பெயரில் எழுதுவதற்குச் சமம்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலோ, தோட்ட அலுவலகத்திலோ, செய்தித்தாளிலோ குழுக்களின் சராசரிகளை யாராவது வரிசைப்படுத்திக் காட்டினால், ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு சிதறல் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். அந்தச் சிதறலில் நிலத்தின் பங்கு, வீட்டின் பங்கு, தற்செயலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தார்களா என்றும் கேளுங்கள். எஃப் விகிதம் கணக்கிடத் தெரியாதவரும் இதைக் கேட்கலாம். விடை இல்லாத இடத்தில் அந்த வரிசை இன்னும் தீர்ப்பு அல்ல. யாருடைய கூலியையும், யாருடைய பள்ளியையும், யாருடைய பெயரையும் அதை வைத்து முடிவு செய்ய எவருக்கும் உரிமை இல்லை.